ஊசி முதலில், போன் அப்புறம்: கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டுக்குச் சில குறிப்புகள்

என் மகன் யூ.கே.ஜி. படித்தபோது வகுப்பில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். எல்லோருக்கும் சாக்லேட். அதற்குள் வேர்க்கடலைத் துணுக்கு இருந்தது. ஐந்தாறு நிமிடத்தில் இருமல் ஆரம்பித்திருக்கிறது. புரையேறியது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். வாந்தி எடுத்ததும் முகம் கழுவி, மாடியில் இருக்கும் ஓய்வறைக்குப் படியேற்றி நடத்திக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அப்புறம் எனக்குப் போன். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் குரலே மாறியிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து கரகரவென்று ஒரு கிழக்குரல். பக்கத்துத் தெரு மருத்துவர் அவனைப் பார்த்த மாத்திரத்தில் தொடையில் ஓர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் குரல் திரும்பியது.

அந்தப் பள்ளியில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. மிஸ் அழுதுகொண்டேதான் நின்றார். என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். இப்போது அவன் ஆறாம் வகுப்பு. இந்த ஆண்டுகளில் மருத்துவரிடம் கேட்டும், பட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். மருந்து, மருந்தளவு விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

1. எது ஆகாது என்பதை முதலில் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். கடைகளில் விற்கும் 'நூறு பொருளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை'யை மட்டும் நம்பி, பால், கோதுமை, கத்தரிக்காய் என்று வரிசையாக நிறுத்திவிடாதீர்கள். பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தாலே அது ஆகாது என்று பொருளில்லை. சாப்பிட்டபோது உடம்பு என்ன செய்தது என்பதோடு சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். பட்டியல் சின்னதாக இருந்தால்தான் பள்ளியில் அதை மதிப்பார்கள். பதினைந்து பொருள் எழுதிக் கொடுத்தால் ஒன்றும் மனதில் நிற்காது.

2. பள்ளிக்குக் கொடுக்கும் தாளைத் தமிழில் எழுதுங்கள். சேர்க்கைப் படிவத்தில் ஒவ்வாமை என்ற கட்டத்தை ஆங்கிலத்தில் நிரப்பினால் அது அலுவலக பீரோவுக்குள் போய்விடும். குழந்தைக்குப் பக்கத்தில் இருக்கப் போவது ஆயாம்மாவும் வேன் ஓட்டுநரும். நான் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், மகன் படத்தை ஒட்டி இப்படி எழுதியிருக்கிறேன்: 'இவனுக்கு வேர்க்கடலை ஆகாது. சாப்பிட்டுவிட்டு இருமினால், குரல் மாறினால், மூச்சு வாங்கினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தலை சுற்றுகிறது என்றால் உடனே தொடையில் ஊசி. பிறகு 108. பிறகு அம்மாவுக்கு போன். நடக்க விடாதீர்கள்.' மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் கீழே இருக்கின்றன. கையெழுத்து இருந்தால்தான் தயங்காமல் ஊசியை எடுப்பார்கள். வகுப்பறை, ஓய்வறை, சாப்பாட்டுக்கூடம், வேன் என்று நாலு நகல் போடுங்கள்.

3. ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதி, தசைக்குள் போட வேண்டும். வெளிநாடுகளில் அழுத்தினாலே இறங்கும் பேனா வடிவ ஊசி பரவலாக இருக்கிறது. நம் ஊரில் எல்லா மருந்துக்கடையிலும் அது கிடைப்பதில்லை; விலையும் அதிகம். ஆனால் 1 மி.லி. ஆம்பியூல் சில ரூபாய்தான். பல மருத்துவர்கள் ஆம்பியூலையும் சிரிஞ்சையும் கொடுத்து, போடும் விதத்தைச் சொல்லித் தருகிறார்கள். பேனா கிடைத்தால் பேனாதான் நல்லது. பதற்றத்தில் ஆம்பியூலை உடைத்து மருந்தை இழுப்பதற்குள் கை நடுங்கிப் போகும்.

அளவு உடல் எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 0.01 மி.கி. 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பியூல் என்றால், 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மி.லி. சிறுவர்களுக்கு வழக்கமாக 0.3 மி.கி.க்கு மேல் போவதில்லை. பிள்ளை வளர வளர அளவும் மாறும் என்பதை மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு ஜூனிலும் புதுச் சீருடைக்கு அளவெடுக்கும்போதே எடையும் பார்த்து, மருத்துவரிடம் அளவை மாற்றி எழுதி வாங்குங்கள். சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று ஸ்கெட்ச் பேனாவால் அடையாளம் போட்டு வையுங்கள். இன்சுலின் சிரிஞ்சு வேண்டாம்; அதன் முனை குட்டை, தொடைத் தசையை எட்டாமல் போகலாம்.

4. ஊசி எங்கே இருக்கிறது என்பது, ஊசி இருக்கிறதா என்பதற்குச் சமமான கேள்வி. கனடாவின் ஒன்டாரியோவில் 2003-இல் 13 வயதுப் பெண் ஒருத்தி பள்ளி உணவகத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்குப் பால் ஆகாது. வறுவலில் பால் இல்லை என்று கேட்டுத்தான் வாங்கினாள். பாலாடைக்கட்டி போட்ட இன்னொரு பண்டத்தைத் தொட்ட இடுக்கியாலேயே வறுவலையும் எடுத்துப் போட்டிருக்கலாம் என்று கருதப்படுகிறது. அவளுடைய ஊசி அப்போது லாக்கரில் இருந்தது. மறுநாள் அவள் இறந்துபோனாள். அவள் பெயரிலேயே 'சப்ரினா சட்டம்' வந்து, 2006 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோ பள்ளிகள் ஒவ்வொன்றும் இத்தகைய பிள்ளைகளுக்குத் தனித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றானது. டொரன்டோவில் இருக்கும் நம் சொந்தக்காரப் பிள்ளைகளும் இன்று அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில்தான் படிக்கிறார்கள்.

ஆகவே ஊசி பூட்டிய அறையில் இருக்கக் கூடாது. ஹெச்.எம். சாவியோடு கூட்டத்துக்குப் போயிருப்பார். வகுப்பு மிஸ் மேஜைக்கு மேல் அலமாரி, பிள்ளைகளுக்கு எட்டாத, பெரியவர்களுக்குத் தெரிந்த இடம் போதும். எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்றால் பள்ளியின் சம்மதத்தோடு தானே வைத்துக்கொள்ளலாம். இரண்டு டோஸ் வேண்டும். முதல் ஊசிக்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது தேவைப்படும்.

5. நம் வெயில் அட்ரினலினுக்குப் பகை. 25 டிகிரியை ஒட்டிய அறைச் சூட்டில், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் நிற்கும் வேனின் முன்பலகையில் வைக்கவே கூடாது. மருந்து பழுப்பு நிறமானாலோ துகள் மிதந்தாலோ மாற்றிவிடுங்கள். காலாவதித் தேதியை வீட்டுத் தினசரி காலண்டரில், அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே குறித்து வையுங்கள். காலாவதியான பேனாவைத் தூக்கி எறியும் முன் ஓர் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகுங்கள். மிஸ்ஸையும் ஆயாம்மாவையும் குத்தச் சொல்லுங்கள். எங்கள் ஆயாம்மா முதல் தடவை கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மூன்றாம் தடவை, 'இவ்ளோதானாம்மா?' என்றார். எனக்கு அன்றுதான் தூக்கம் வந்தது.

6. குழந்தை ஒவ்வாமை என்று சொல்லாது. 'நாக்கு குத்துது', 'வாய் சுடுது', 'தொண்டைல ஏதோ மாட்டிக்கிச்சு', 'காதுக்குள்ள அரிக்குது', 'பயமா இருக்கு' என்று சொல்லும். சின்னக் குழந்தை நாக்கைச் சுரண்டும், தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். இந்த வார்த்தைகளை மிஸ்ஸிடம் முன்பே சொல்லி வையுங்கள். உடம்பெல்லாம் தடிப்பு வந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். தோலில் ஒரு புள்ளிகூட இல்லாமலும் வரலாம். என் மகனுக்கு அன்று தடிப்பே இல்லை.

7. ஊசி போட்ட பிறகு படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு வாங்கினால் காலை நீட்டி உட்காரட்டும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுப்பி நிற்க வைப்பது, நடத்துவது, படியேற்றுவது கூடவே கூடாது. ரத்த அழுத்தம் தணிந்திருக்கும் நேரத்தில் நிமிர்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அந்த மாடிப்படியை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது. பிள்ளை தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அடங்கியது சில மணி நேரத்தில் திரும்ப வரலாம் என்பதால் அங்கே வைத்துப் பார்ப்பார்கள்.

8. அவில், சிட்ரிசின் மாத்திரைகள் அரிப்புக்கும் தடிப்புக்கும் உதவும். அடைபட்ட தொண்டையைத் திறக்காது. 'முதல்ல ஒரு மாத்திரை கொடுத்துப் பாப்போம்' என்று கழியும் பத்து நிமிடம்தான் கைவிட்டுப் போகும் பத்து நிமிடம். ஊசி தேவையா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போட்டுவிடச் சொல்கிறார் எங்கள் மருத்துவர். தேவையில்லாமல் போட்டால் கொஞ்ச நேரம் படபடப்பும் நடுக்கமும் இருக்கும்.

9. காக்கா கடி நம் பிள்ளைகளின் அழகான பழக்கம். சட்டை நுனியில் மிட்டாயைச் சுற்றி, பல்லால் கடித்து உடைத்து, பாதியை நண்பனுக்குக் கொடுப்பார்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அந்தச் சட்டை நுனியும் ஆபத்து, அந்தப் பாதியும் ஆபத்து. பகிர்ந்து சாப்பிடு என்று சொல்லி வளர்த்த வாயால், பகிராதே என்று சொல்ல எனக்கு ரொம்ப நாள் மனம் வரவில்லை. இப்போது வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன்: 'பென்சில் கொடு, பந்து கொடு, சாப்பாடு மட்டும் வேண்டாம்.' மறுக்கும் வார்த்தையை வீட்டில் நாடகம் போட்டுப் பழக்குங்கள். நான் நண்பனாக நடித்துக் கெஞ்சுவேன். அவன், 'வேணாம்டா, எனக்கு அலர்ஜி, ஆஸ்பத்திரி போயிடுவேன்' என்பான். வாய்க்குப் பழகிய வார்த்தைதான் வகுப்பில் தானாக வரும்.

10. லேபிளை ஒவ்வொரு முறையும் படியுங்கள், போன வாரம் வாங்கிய அதே பிஸ்கட்டாக இருந்தாலும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிப்படி, பாக்கெட்டில் அடைத்த உணவில் பசையம் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, மரக்கொட்டைகள், சோயா ஆகியவை இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளையும் சேர்த்துவிட்டார்கள். இட்லிப் பொடி, எள்ளுருண்டை, கொழுக்கட்டைப் பூரணம், முறுக்கு என்று எள்ளோடு வாழும் நாம், எள் ஆகாத பிள்ளை இருந்தால் சேர்மானப் பட்டியலை வரி வரியாகத்தான் படிக்க வேண்டும். நல்லெண்ணெய் எள்ளெண்ணெய்தான் என்பதையும் விருந்தாளி வீட்டில் சொல்லிவிடுங்கள். லேபிளே இல்லாத பேக்கரி பஃப்ஸ், பன் மேல் பளபளப்புக்கு முட்டை தடவியிருப்பார்கள். உள்ளே வெறும் காய்கறிதான் என்றாலும் முட்டை ஆகாத பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

11. சொந்தச் சமையலறையிலும் ஒரு பொறி இருக்கிறது: மிக்ஸி ஜார். பிளேடுக்கு அடியில், ரப்பர் வளையத்துக்குள் கடலைச் சட்னி ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவினாலும் முழுதும் போகாது. பிள்ளையின் சட்னிக்குத் தனி ஜார், தனிக் கரண்டி. எங்கள் வீட்டில் அந்த ஜாரின் மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். மாமியார் வந்தாலும், சமையலுக்கு உதவ வருபவர் வந்தாலும் பொட்டு சொல்லிவிடும். கடலை வறுத்த எண்ணெயில் அப்பளம் பொரித்து டிபன் பாக்ஸில் வைப்பதும் அதே தவறுதான்.

12. சானிடைசர் கிருமியைக் கொல்லும். கடலைப் புரதத்தைக் கையிலிருந்து எடுக்காது. சோப்பும் தண்ணீரும் எடுக்கும், ஈரத் துடைப்புத் தாளும் எடுக்கும். சாப்பிடும் முன் கைகழுவச் சொல்லும் பள்ளியிடம், சாப்பிட்ட பின்னும் எல்லோரையும் சோப்பால் கழுவ வைக்கச் சொல்லுங்கள்.

13. பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்கார வைக்க வேண்டாம். பக்கத்துப் பிள்ளையின் டிபனிலிருந்து வரும் கடலை வாசனை மட்டுமே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையைக் கொண்டுவருவது மிக மிக அரிது. வாய்க்குள் போவதுதான் பெரிய ஆபத்து. (மீன், இறால் ஆகாதவர்களுக்கு அது வேகும் ஆவி ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு; சமையற்கூடத்துக்குப் பக்கத்தில் மட்டும் உட்கார வைக்காதீர்கள்.) தயிர்சாதம் கொண்டுவரும் இரண்டு நண்பர்களைப் பக்கத்தில் உட்கார வைத்தால் முடிந்தது. மூலையில் தனியாகச் சாப்பிட வைக்கப்பட்ட பிள்ளை, மறுநாள் முதல் ஒவ்வாமையை மறைக்கத்தான் பார்க்கும்.

14. பிறந்தநாள் மிட்டாயும் பண்டிகைப் பண்டமும் சொல்லிவிட்டு வருவதில்லை. மிஸ்ஸிடம் ஒரு சின்ன டப்பா கொடுத்து வையுங்கள்: உங்கள் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளும் மிட்டாய். யார் எதைக் கொடுத்தாலும் அதை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, டப்பாவிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளட்டும். ஆயுத பூஜைக்கு அவல் பொரியில் பொட்டுக்கடலையோடு வேர்க்கடலையும் கலந்திருக்கும். பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கலில் முந்திரி. முந்திரி ஆகாத பிள்ளைக்கு அதைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கொடுத்தால் சரியாகாது. நெய்யில் வறுபட்ட முந்திரி பானை முழுக்கக் கலந்திருக்கிறது.

15. அரசுப் பள்ளி என்றால் சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் நேரில் பாருங்கள். தட்டில் முட்டை விழும் மாநிலம் இது, அது பெருமைதான். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் 'சாப்பிடாது' வேறு, 'ஆகாது' வேறு என்று விளக்க வேண்டும். முட்டை உரித்த கையாலேயே சாதம் போடக் கூடாது என்பது வரை சொல்லுங்கள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளை என்றால் காலையில் சமைப்பவர் வேறு ஆளாக இருக்கலாம். அவரிடமும் தனியாகச் சொல்ல வேண்டும்.

16. கைவினை வகுப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை ஓட்டில் பொம்மை, பால் கவரில் பூ, பருப்பு ஒட்டிய கோலம், கோதுமை மாவில் களிமண் என்று எல்லாம் அங்கே வரும்.

17. ஒவ்வாமை உணவால் மட்டும் வருவதில்லை. கதண்டு, குளவி, தேனீ கொட்டியும் சில பிள்ளைகளுக்கு இதே மாதிரி ஆகும். பள்ளி வேப்பமரத்தில் கதண்டுக் கூடு தெரிந்தால் தீயணைப்புத் துறையை அழைக்கச் சொல்லுங்கள். கல்லெறிந்து கலைக்க வேண்டாம்.

18. ஆஸ்துமாவும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆபத்து கூடுதல். தினமும் எடுக்க வேண்டிய மருந்தை 'இப்ப நல்லாத்தானே இருக்கான்' என்று நிறுத்தாதீர்கள். ஆகாததைச் சாப்பிட்டு மூச்சு வாங்கினால் ஊசி முதலில், இன்ஹேலர் பம்பு பிறகு.

19. வேன் ஓட்டுநர் எண் உங்களிடமும், உங்கள் எண் அவரிடமும் இருந்தால் மட்டும் போதாது. வழியில் எந்த மருத்துவமனையில் அவசரச் சிகிச்சை இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். 'வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுடலாம்' என்று அவர் நினைக்கக் கூடாது. பள்ளிச் சுற்றுலாவுக்கும் இதேதான். பை, ஊசி, தாள் மூன்றும் பிள்ளை ஏறும் பேருந்திலேயே போக வேண்டும். பின்னால் வரும் பேருந்தில் இல்லை.

20. கேலியை விளையாட்டாக விடாதீர்கள். 'இந்தா கடலை' என்று மேலே எறிவது, தெரியாமல் டிபனில் போட்டுப் பார்ப்பது இரண்டையும் பள்ளி தண்டனைக்குரிய செயலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆனால் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் அவர்களைப் போல் காவல் யாரும் இல்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி, 'மிஸ், இவன் குரல் மாறுது' என்று என் மகனுக்கு முன்னால் ஓடிப்போய்ச் சொன்னாள். அன்று அது வெறும் சளி. அவளுக்கு நான் ஒரு பெட்டி கலர் பென்சில் வாங்கிக் கொடுத்தேன்.

21. பள்ளியிலேயே பொதுவாக ஓர் ஊசி வைத்துக்கொள்ள முடியுமா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். இங்கிலாந்தில் 2017 அக்டோபர் முதல் பள்ளிகள் மருத்துவர் சீட்டு இல்லாமலே உதிரி ஊசி வாங்கி வைக்கலாம். நம் ஊரில் பள்ளிக்கு அருகிலுள்ள மருத்துவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு கேட்டால் நடக்கும். இதுவரை ஒவ்வாமையே வராத பிள்ளைக்கு முதல் தடவை பள்ளியிலேயே வரலாம்.

22. கடைசியாக, ஒவ்வாமை இல்லாத பிள்ளைகளின் பெற்றோருக்கு. வகுப்புக்கு மிட்டாய் கொடுத்தனுப்பும்போது கொட்டிக் கொடுக்காமல் கவரோடு கொடுத்தனுப்புங்கள். அதில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வகுப்பில் ஒரு பிள்ளை காத்திருக்கும்.